இளவயதில் தேயும் இடுப்பு மூட்டு: எலும்பின் வடிவம் எவ்வளவு தூரம் காரணம்?

தொடை இடுக்கில் வலிக்கிறது என்று வரும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தசைப்பிடிப்பு என்பதுதான். வலி தீராவிட்டால் முதுகுத்தண்டுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். குடலிறக்கமாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். பெண்ணாக இருந்தால் கருப்பை, சினைப்பை என்று இன்னொரு சுற்று நடக்கும். இடுப்பு மூட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அது தேய்வது வயதானவர்களுக்கு என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாமல் அமைந்த இளவயதினரை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து காரணம் தெரியவருவதற்கு அவர்களுக்குச் சராசரியாக 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் ஒவ்வொருவரும் சராசரியாக மூன்று மருத்துவர்களுக்கு மேல் பார்த்திருந்தார்கள். அந்த ஐந்தாண்டுகளில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது, அதை நிறுத்த முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி தொடங்கிவைத்த செயற்கை இடுப்பு மூட்டு, கடந்த நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. எழுபது வயதில் நடக்க முடியாமல் வந்தவர் சில வாரங்களில் கடைவீதிக்குப் போய்வருகிறார். ஆனால் செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட பிரிட்டிஷ் நோயாளிகளைப் பற்றி 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளுக்குள் மறுபடி அறுவை தேவைப்படுகிறவர்கள் சுமார் 5 விழுக்காடு. 50களின் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு அது 35 விழுக்காடு வரை போகிறது. முப்பதில் மாற்றிக்கொள்பவரின் நிலையை இதிலிருந்தே ஊகிக்கலாம். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 31 வயதில், 2019 ஜனவரியில், மூட்டின் மேற்பரப்புக்கு உலோக உறை போட்டுக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். அது மன உறுதியின் கதை. எல்லோருக்கும் பொருந்தும் மருத்துவத் திட்டமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இடுப்பு மூட்டின் அமைப்பு எளிது. தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு பந்து, இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், பந்துக்குக் கீழே சற்று ஒடுங்கிய கழுத்து. பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். கிண்ணத்தின் வாயைச் சுற்றி லேப்ரம் என்னும் நார்த்திசு வளையம் ஓடுகிறது. அது பந்தைக் கவ்விப் பிடித்து, மூட்டுத் திரவம் கசிந்துவிடாமல் அடைத்து வைக்கிறது. பெர்லினில் பெர்க்மன் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானிகளைப் பொருத்தி அளந்தார்கள். சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை இந்த மூட்டில் இறங்குகிறது. அந்தச் சுமை பரவலாக இறங்கினால் குருத்தெலும்பு எழுபது, எண்பது ஆண்டு தாங்கும். ஒரே மூலையில் குவிந்தால் தாங்காது. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை, ஆகவே அது நைந்துகொண்டிருக்கும்போது வலிக்காது. லேப்ரத்தில் நரம்புகள் உண்டு. இளவயதினரின் முதல் வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

வடிவக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பு இருக்கும் என்ற சந்தேகம் பழையது. பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் 1936இலேயே, தொடை எலும்பின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டுவதால்தான் சிலருக்கு வலி வருகிறது என்று எழுதி, விளிம்பைச் செதுக்கியும் பார்த்தார். 1939இல் சுவீடனின் குன்னர் வீபெர்க், ஆழமில்லாத கிண்ணங்களை அளக்க ஒரு கோணத்தை வகுத்துக் கொடுத்தார். இன்றும் உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். லண்டனில் கதிரியக்க மருத்துவர் முர்ரே, காரணம் தெரியாத தேய்மானம் என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டின் வடிவத்தில் சிறு பிசகு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று 1965இல் எழுதினார். 1975இல் ஸ்டல்பெர்க் அந்தப் பிசகுக்குத் துப்பாக்கிப் பிடி என்று பெயர் வைத்தார். எக்ஸ்ரேயில் எலும்பின் மேல்முனை பழைய கைத்துப்பாக்கியின் பிடியைப் போலத் தெரிந்ததால் அந்தப் பெயர். 1986இல் வில்லியம் ஹாரிஸ் இன்னும் துணிந்து, காரணம் தெரியாதவை எனப்பட்ட இடுப்புத் தேய்மானங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏதோ ஒரு வடிவக் கோளாற்றில் வேர் கொண்டவை என்றார்.

இவ்வளவு சொல்லியும் மருத்துவ உலகம் பெரிதாக அசையவில்லை. எக்ஸ்ரேயில் பிசகு தெரிந்தாலும், அதுதான் தேய்மானத்தை உண்டாக்கியதா, தேய்மானம்தான் வடிவத்தைக் கெடுத்ததா என்று யாராலும் காட்ட முடியாமல் இருந்தது. உயிருள்ள மனிதரின் இடுப்பு மூட்டைத் திறந்து பார்க்க அறுவை மருத்துவர்களுக்குப் பயம். பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கிய ரத்தக் குழாய் கழுத்தின் பின்புறமாக ஏறுகிறது. மூட்டைக் கழற்றும்போது அது அறுந்தால் பந்து செத்துவிடும்.

அந்தப் பயத்தை உடைத்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரைன்ஹோல்ட் கான்ஸ். அவரும் சகாக்களும் அந்த ரத்தக் குழாயின் பாதையைத் துல்லியமாக ஆராய்ந்து, அதைத் தொடாமல் பந்தைக் கிண்ணத்திலிருந்து முழுவதுமாக வெளியே எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 213 மூட்டுகள். ஒன்றில்கூடப் பந்து செத்துப்போகவில்லை. மூட்டைத் திறந்தபின் கண்ணால் பார்த்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத இளைஞர்களின் மூட்டில், கிண்ணத்தின் முன்மேல் பகுதியில் மட்டும் குருத்தெலும்பு அடியெலும்பிலிருந்து பிரிந்து நின்றது. மேலிருந்து பார்த்தால் வழவழப்பாக, முழுசாக இருக்கும். முனை மழுங்கிய கருவியால் லேசாக அழுத்தினால் அலைபோல எழும்பி அடங்கும். அதே இடத்துக்கு நேர் எதிரே, பந்து கழுத்தோடு சேரும் இடத்தில், இருக்கக்கூடாத ஒரு எலும்புப் புடைப்பு. மூட்டைத் திரும்பப் பொருத்தி மடக்கிப் பார்த்தால் புடைப்பு போய் முட்டுவது சரியாக அந்தச் சிதைந்த இடத்தில். காரணமும் விளைவும் ஒரே மேசையில் கண்முன்னே கிடந்தன. 2003இல் கான்ஸ் குழுவினர், இந்த முட்டல்தான் இடுப்புத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தக் கட்டுரைக்கு எழுதப்பட்ட பதில்கள்தான்.

வடிவக் கோளாறுகளில் முதலாவதாகப் பேச வேண்டியது ஆழமில்லாத கிண்ணம். மருத்துவர்கள் இதை டிஸ்பிளேசியா என்கிறார்கள். வீபெர்க் சொன்ன கோணத்தை எடுப்பது எளிது. நேர் எக்ஸ்ரேயில் பந்தின் மையத்தைக் குறித்து, அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடும், கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு இன்னொரு கோடும் இழுக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 25 பாகைக்கு மேல் இருந்தால் பந்துக்குப் போதிய கூரை இருக்கிறது. 20க்குக் கீழே போனால் டிஸ்பிளேசியா. நடுவில் விழுபவர்கள் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். கூரை குறைந்தால் அத்தனை சுமையும் கிண்ணத்தின் வெளிவிளிம்பில் ஒரு குறுகிய பட்டையில் இறங்குகிறது. பந்து வெளியே நழுவப் பார்க்கும்போதெல்லாம் லேப்ரம்தான் தடுத்து நிறுத்துகிறது. அது முதலில் தடிக்கும், பிறகு கிழியும், அதன்பின் குருத்தெலும்பு போகும்.

இது தேய்மானத்தில் முடியும் என்பதற்கான சான்று வலுவானது. மர்ஃபி, கான்ஸ், முல்லர் மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வின் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் தேய்ந்து மாற்று அறுவை செய்துகொண்ட 286 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களின் மறுபக்க மூட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒரே உடம்பு, ஒரே எடை, ஒரே வாழ்க்கை. வேறுபடக்கூடியது மூட்டின் வடிவம்தான். வீபெர்க் கோணம் 16க்குக் கீழே இருந்த மூட்டுகளில் ஒன்றுகூட 65 வயதுவரை தேயாமல் தப்பவில்லை. மனித உடலைப் பற்றிய ஆய்வில் விதிவிலக்கே இல்லாத முடிவு அரிது. கடுமையான டிஸ்பிளேசியா உள்ளவரிடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் எவரும் இந்த முடிவை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகைக்கு கேம் என்று பெயர். எந்திரங்களில் சுழலும் வட்டமில்லாத உருளையின் பெயர் அது. இங்கே கிண்ணம் சரியாக இருக்கிறது, பந்துதான் முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் புடைத்த குழவியை ஆட்டுக்கல்லில் சுற்றினால் குழியின் ஒரே இடம் மட்டும் அடிபடுவது போன்ற நிலை. கால் நேராக இருக்கும்போது தொந்தரவு இல்லை. குந்தும்போதும், சம்மணமிடும்போதும், தாழ்ந்த இருக்கையில் இருந்து எழும்போதும், முழங்காலை உள்பக்கம் திருப்பும்போதும் புடைப்பு கிண்ணத்துக்குள் நுழைந்து குருத்தெலும்பை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளிப் பிரிக்கிறது. இதை அளக்க நோட்ஸ்லி 2002இல் ஆல்ஃபா கோணம் என்ற அளவைத் தந்தார். 60 பாகையைத் தாண்டினால் கேம் என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

இதற்கான முக்கியச் சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. செக் என்ற பெயரில் நடந்த நெடுநாள் ஆய்வில், இடுப்பிலோ முழங்காலிலோ வலி தொடங்கிய 45 முதல் 65 வயது வரையிலான 1002 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தரவிலிருந்து, தேய்மானம் இல்லாத அல்லது சந்தேகத்துக்குரிய அளவே உள்ள மூட்டுகளை எடுத்து ஐந்தாண்டு முடிவுகளை அக்ரிகோலா குழுவினர் 2013இல் வெளியிட்டார்கள். ஆல்ஃபா கோணம் 60க்கு மேல் உள்ளவர்களுக்கு முற்றிய தேய்மானம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல். கோணம் 83க்கு மேல் என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு. கோணம் 83க்கு மேல் இருந்து, மூட்டை உள்பக்கம் திருப்பும் அளவும் 20 பாகையோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், இரண்டில் ஒரு மூட்டு ஐந்தே ஆண்டில் முற்றிய நிலைக்குப் போயிற்று.

மடங்குக் கணக்கைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். அந்த ஆய்வில் ஐந்தாண்டில் முற்றிய தேய்மானம் வந்த மூட்டுகள் மொத்தமே 3 விழுக்காட்டுக்குக் கீழே. சிறிய எண்ணின் மூன்றரை மடங்கும் சிறிய எண்தான். மேலும் அவர்கள் நடுவயதினர், ஏற்கெனவே வலி தொடங்கியவர்கள். இருபது வயது விளையாட்டு வீரர் அந்த எண்களைத் தன் மேல் அப்படியே போட்டுக்கொண்டு கலங்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நார்வேயின் பெர்கன் நகரில் 1989இல் பிறந்தவர்கள், தங்கள் 19ஆம் வயதை ஒட்டி, இடுப்பு எக்ஸ்ரேக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆண்களில் 35 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 10 விழுக்காட்டினரிடமும் கேம் அடையாளங்களில் ஏதேனும் ஒன்று தென்பட்டது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, பொதுமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கும் விளையாட்டு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் கேம் வடிவம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். ஆகவேதான் 2016இல் வார்விக்கில் கூடிய வல்லுநர்கள், வலி, பரிசோதனையில் தெரியும் குறி, படத்தில் தெரியும் வடிவம் மூன்றும் சேர்ந்தால் மட்டுமே அதை நோய் என்று அழைக்கலாம் என உடன்பட்டார்கள். இந்தத் துறை எடுத்த மிக நல்ல முடிவு அது என்பேன். படத்தில் புடைப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அறுவை மேசையில் ஏற்றுவது தவறு.

மூன்றாவது வகை பின்சர். கிண்ணம் அளவுக்கு மீறி ஆழமாக அமைந்து பந்தை இறுக்குவது. ஒரு காலத்தில் இதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில் இதற்கும் தேய்மானத்துக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. வலி தரலாம், லேப்ரத்தை நசுக்கலாம். அதற்குமேல் இதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

கேம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்தது. பிறவியிலேயே வருவது என்றுதான் முதலில் நினைத்தார்கள். நெதர்லாந்தில் பெரிய கால்பந்துக் கழகத்தின் இளையோர் பயிற்சியில் இருந்த 12 முதல் 19 வயதுச் சிறுவர்களைத் தொடர்ந்து படம் எடுத்தபோது, 12 வயதில் ஏறக்குறைய இல்லாத புடைப்பு அடுத்தடுத்த ஆண்டுகளில் உருவாகி, எலும்பு வளரும் இடமான வளர்தட்டு மூடியதும் நின்றுவிடுவது தெரிந்தது. பெர்னில் கூடைப்பந்து ஆடும் சிறுவர்களிடமும் இதையே சீபென்ராக் கண்டார். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில், குனிந்து திரும்பும் கடுமையான சுமை மீண்டும் மீண்டும் வரும்போது, வளர்தட்டு அதற்கு ஏற்றாற்போல எலும்பை நீட்டிக்கொள்கிறது. 12 வயதுக்கு முன்பே வாரத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ கால்பந்து ஆடியவர்களிடம் கேம் கூடுதலாக இருந்ததாக இன்னொரு ஆய்வு காட்டியது. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஓடி ஆடாத பிள்ளைக்கு வரும் கேடுகள் இதைவிடப் பெரியவை. ஆண்டு முழுவதும் ஒரே ஆட்டத்தில், ஓய்வே இல்லாமல், பத்து வயதிலிருந்து கசக்கிப் பிழிவதைத்தான் பயிற்சியாளர்கள் மறுபடி யோசிக்க வேண்டும்.

சிறுவயது நோய்கள் விட்டுச்செல்லும் வடிவக் கோளாறுகளும் உண்டு. பெர்தெஸ் நோயில், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுக்குள், பந்துக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு அது நொறுங்கி மறுபடி வளர்கிறது. தட்டையாக வளர்ந்துவிட்டால் நடுவயதில் தேய்மானம் காத்திருக்கிறது. பருவ வயதில் வளர்தட்டு வழுக்கி, பந்து கழுத்திலிருந்து பின்னோக்கிச் சரியும் நோய் இன்னொன்று. உடல் பருமன் உள்ள சிறுவர்களிடம் இது கூடுதல். லேசாகச் சரிந்து யாரும் கவனிக்காமல் ஆறிவிட்டால், பிற்காலத்து எக்ஸ்ரேயில் அது கேம் போலவே தெரியும்.

பிறந்த குழந்தையின் மூட்டுக் கோளாறில்தான் பண்பாட்டின் கை நேரடியாகத் தெரிகிறது. குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுக்கித் துணியில் சுற்றும் வழக்கம் உள்ள இடங்களில் டிஸ்பிளேசியாவும் மூட்டு நழுவலும் கூடுதல். வட அமெரிக்கப் பழங்குடியான நவஹோக்களிடம், குழந்தையைத் தொட்டில் பலகையில் கட்டிவைத்த காலத்தில், இது அதிகம் காணப்பட்டது. ஜப்பானில் 1975 வாக்கில், பச்சிளம் குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிய பிரசாரம் நடந்தது. அதற்குமுன் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றரை வரை இருந்த மூட்டு நழுவல், பிறகு 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை, துணி கட்டும் முறையை மாற்றியதுதான். நம் ஊரில் தாயும் பாட்டியும் அக்காவும் குழந்தையை இடுப்பில் கால்பரப்பி வைத்துத் தூக்கும் வழக்கம், மூட்டு ஆழமாக அமைவதற்கு மிகத் தோதான நிலை. தொடை மடங்கி விரிந்திருக்கும் அதே நிலையில்தான், மூட்டு நழுவிய குழந்தைக்குப் போடும் பாவ்லிக் வார்ப்பட்டையும் காலைப் பிடித்து வைக்கிறது. ஆகவே குளிப்பாட்டியபின் காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவதைக் கைவிட்டு, இடுப்பில் தூக்குவதைத் தொடரலாம். தலைகீழாக அல்லாமல் பிட்டம் கீழாகக் கருவில் இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் யாருக்காவது மூட்டு நழுவல் இருந்த குழந்தைக்கும், குறிப்பாகப் பெண் குழந்தைக்கு, ஆறாவது வாரத்தை ஒட்டி அல்ட்ராசவுண்ட் எடுப்பது நல்லது.

ஆசிய மூட்டுகள் ஐரோப்பிய மூட்டுகளைப் போலவே தேய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் முதியவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், அமெரிக்க வெள்ளையரைவிட இடுப்புத் தேய்மானம் 80 முதல் 90 விழுக்காடு குறைவாக இருந்தது. கேம் வடிவமும் கிழக்காசியர்களிடம் குறைவு. ஜப்பானில் இடுப்புத் தேய்மானத்துக்கு முதற்காரணம் டிஸ்பிளேசியா. இந்தியாவில் இளவயதில் இடுப்பு மாற்று அறுவை வரை போகிறவர்களில் பெரும்பங்கு, ரத்த ஓட்டம் நின்று பந்து செத்துப்போகும் நோயினால். மருத்துவமனைகளில் ஏ.வி.என். என்று சொல்வார்கள். குடியும் ஸ்டீராய்டு மருந்துகளும் அதன் முக்கியக் காரணங்கள். முதுகெலும்பை இறுகவைக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிசும் இங்கே பலரின் இடுப்பைக் காவு வாங்குகிறது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ முப்பது வயதுக்காரரின் தொடை இடுக்கு வலியைப் பார்க்கும் மருத்துவர், கேம் புடைப்பைத் தேடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் விலக்கிவிட வேண்டும். ஆரம்ப ஏ.வி.என். எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். நெதர்லாந்து, நார்வே, பிரிட்டன் எண்களை நம்மவர்களின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது சரியல்ல.

இனி சிகிச்சை. டிஸ்பிளேசியாவுக்குக் கான்ஸ் குழுவினர் 1984இல் பெர்னில் செய்யத் தொடங்கிய அறுவை இன்று உலகெங்கும் நடக்கிறது. கிண்ணத்தைச் சுற்றி இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தைச் சாய்த்துப் பந்தின் மேல் கூரையாகக் கொண்டுவந்து திருகாணிகளால் பொருத்துகிறார்கள். பெரிய அறுவை, மாதக்கணக்கில் ஊன்றுகோல். ஆனால் நோயாளியின் சொந்த மூட்டு நோயாளியிடமே இருக்கிறது. முதலில் செய்த 75 மூட்டுகளைப் பெர்ன் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 20 ஆண்டுக்குப் பிறகு 60 விழுக்காடு மூட்டுகள் மாற்றப்படாமல் இருந்தன. 30 ஆண்டு கழித்து, மாற்றப்படாமலும் தேய்மானம் கூடாமலும் நல்ல நிலையில் இருந்தவை 29 விழுக்காடு. முதல் தலைமுறை நோயாளிகளில் சிலருக்கு அறுவையின்போதே தேய்மானம் இருந்தது, நுட்பமும் அப்போதுதான் கைவந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், குருத்தெலும்பு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கும் பலன் சரிந்துவிடுகிறது. முதல் பத்தியில் சொன்ன ஐந்தாண்டுத் தாமதம் எவ்வளவு கொடியது என்பது இங்கேதான் விளங்கும். தாமதத்தில் வலி மட்டும் கூடவில்லை, அறுவையால் பலன் கிடைக்கும் காலமே கடந்து போகிறது.

கேம் புடைப்பைச் சிறுதுளை வழியாகக் கேமரா செலுத்திச் சீவியெடுக்கும் ஆர்த்ராஸ்கோப்பி வேறு கதை. இது 2003க்குப் பிறகு மேலைநாடுகளில் வெகுவேகமாகப் பரவியது. சான்றுகள் தாமதமாகத்தான் வந்தன. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறு பாதிக்கு முறையான பிசியோதெரபியும் கொடுத்த ஆய்வு 2018இல் லான்செட்டில் வந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் முன்னேறியிருந்தன. நூறு புள்ளி அளவுகோலில் அறுவைத் தரப்பு சுமார் 7 புள்ளி கூடுதல். 2019இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்விலும் அறுவைக்கே சாதகம். அமெரிக்க ராணுவத்தினர் 80 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டாண்டு முடிவில் வித்தியாசம் இல்லை. இவையெல்லாம் அளந்தது வலியையும் அன்றாட இயக்கத்தையும். புடைப்பைச் சீவினால் பிற்காலத் தேய்மானம் தடுக்கப்படும் என்பதை ஓராண்டு, ஈராண்டு ஆய்வுகள் நிறுவ முடியாது. வலி குறையும் என்று சொல்லி இந்த அறுவையைச் செய்யலாம். தேய்மானத்தைத் தடுக்கும் என்று வாக்குக் கொடுத்துச் செய்யக்கூடாது. வலியே இல்லாதவருக்குத் தடுப்பு நடவடிக்கையாகச் செய்வதற்கு இன்றைய தேதியில் நியாயமே இல்லை. ஆழமில்லாத கிண்ணத்தைக் கவனிக்காமல் விட்டு, லேப்ரத்தை மட்டும் ஆர்த்ராஸ்கோப்பியில் தைப்பது இன்னும் மோசம். கூரையில்லாத மூட்டில் தையல் எத்தனை நாள் நிற்கும்?

அறுவை தேவைப்படாத பெரும்பான்மையினருக்குச் செய்யக்கூடியது கொஞ்சமல்ல. பிட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சி, குறைந்தது மூன்று மாதம், ஒரு பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது. வலிக்கும் கோணத்தில் வம்படியாக மடக்காமல் இருப்பது. கேம் உள்ளவர் யோகாசன வகுப்பில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து உள்பக்கம் திருப்பினால், எலும்பு எலும்பில் முட்டுகிறதே தவிர தசை இளகுவதில்லை. டிஸ்பிளேசியா உள்ளவருக்கு மூட்டு ஏற்கெனவே நெகிழ்வாக இருக்கும். பரதநாட்டிய அரைமண்டியோ முழுமண்டியோ அவருக்கு மற்றவர்களைவிட எளிதாகவே வரும். அந்த எளிமையே கோளாற்றை மறைத்துவிடுவதால், நடன ஆசிரியர்கள் மாணவியின் தொடை இடுக்கு வலியைப் பயிற்சிக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது.

எப்போது இடுப்பு மூட்டைச் சந்தேகிக்க வேண்டும்? வலி எங்கே என்று கேட்டால், கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து இடுப்பின் பக்கத்தைக் கவ்விக் காட்டுவார்கள். ஷூ கட்டக் குனிவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது, பந்தியில் சம்மணமிட்டு எழுவது, இந்திய முறைக் கழிப்பறையில் உட்காருவது என்று மடக்கும் வேலைகளில் வலி கூடும். மருத்துவர் நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலையும் இடுப்பையும் செங்கோணத்துக்கு மடக்கி, முழங்காலை மறுபக்கம் சாய்த்து, பாதத்தை வெளியே தள்ளித் தொடையை உள்பக்கம் திருப்புவார். பழகிய அதே வலி தொடை இடுக்கில் கிளம்பினால் மூட்டில் கோளாறு இருக்கலாம். கிளம்பாவிட்டால் பெரும்பாலும் இல்லை. அரை நிமிடச் சோதனை, செலவில்லை. அதன்பின் நின்ற நிலையில் நேர் எக்ஸ்ரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படத்தைப் பார்க்கும்போது முதலில் வீபெர்க் கோணம், பிறகு ஆல்ஃபா கோணம். இந்த வரிசை முக்கியம் என்று கருதுகிறேன். கூரை குறைந்த மூட்டில்தான் காலம் கடத்துவது அதிகம் கெடுக்கிறது, அதற்குத்தான் நல்ல சிகிச்சையும் கைவசம் இருக்கிறது.

பத்து முதல் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளை நொண்டினால் அவசரம் இன்னும் கூடுதல். வளர்தட்டு சரியும்போது வலி பல நேரம் இடுப்பில் தெரியாமல் முழங்காலில் தெரியும். இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு பொது. முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் சில வாரத்தில் பந்து முழுவதும் சரிந்த நிலையில் திரும்பி வருவதை எலும்பு மருத்துவ நூல்கள் தலைமுறை தலைமுறையாக எச்சரித்துவருகின்றன. முழங்கால் வலியோடு நொண்டும் பிள்ளைக்கு இரண்டு இடுப்புக்கும் சேர்த்து, நேராக ஒன்றும் தவளைபோலக் கால் விரித்து ஒன்றுமாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சரிவு தெரிந்தால் அந்தக் காலை ஊன்றவிடாமல், சக்கர நாற்காலியில் வைத்து, அன்றைக்கே எலும்பு அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு திருகாணி போட்டு வளர்தட்டை நிறுத்திவிடுவார்கள்.